ஈயம் பூசிய பல்

போன சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் ஒரு கடையோரம் நின்று நன்னாரி சர்பத் குடித்தேன். முதல் வாய் உள்ளே இறங்கியதுமே கீழ்வரிசைப் பல்லில் ஊசி ஏறியது போல ஒரு வலி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து கடைக்கார அண்ணாச்சி, "ஐஸ் கூடிட்டோம்மா?" என்று கேட்டார். தப்பு ஐஸில் இல்லை என்பது அடுத்த வாரம் பல் டாக்டரிடம் போனபோதுதான் தெரிந்தது.

அவர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு ஒரு சுற்று பார்த்தார். ஈறு ஓரத்தில் எதையோ வைத்துத் தொட்டார். நான் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டேன். "நீங்க பல்லு விளக்கலம்மா, இழைச்சிருக்கீங்க" என்றார். தச்சர் மரத்தை இழைப்பாரே, அந்த இழைப்பு.

உண்மைதான். அக்கா கல்யாண போட்டோவில் என் பல் மஞ்சளாகத் தெரியுமே என்று ஒரு பயம். ஆன்லைனில் கரித்தூள் வாங்கினேன். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தேன். கடையில் இருப்பதிலேயே முரட்டு பிரஷ் என்னுடையது. முதல் மாதம் பளிச்சென்றுதான் இருந்தது. பிறகு ஈறு மெல்ல விலகியது. விலகிய இடத்தில் புதிதாக ஒரு மஞ்சள் தெரிந்தது. அதைப் போக்க இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

வெள்ளைக்காகத் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் ஏன் கூட வேண்டும்? இதற்குப் பதில் தேடப் போய், ஒரு பேஸ்ட் டியூபுக்குள் இவ்வளவு வரலாறா என்று மலைத்துப்போனேன்.

விளக்குதல்

தமிழில் நாம் பல்லையும் விளக்குகிறோம், பாத்திரத்தையும் விளக்குகிறோம். 'துலக்குதல்' என்று சொன்னாலும் அதே கதைதான். எங்கள் ஆச்சி வீட்டில் இரண்டுக்கும் உள்ள சாமான்கூட ஏறக்குறைய ஒன்றுதான். பாத்திரத்துக்குப் புளியும் சாம்பலும், பல்லுக்கு உமிக்கரி. கொல்லையில் உமியைக் குவித்துத் தீ வைப்பாள். கருகி ஆறியதும் உப்பு சேர்த்து இடிப்பாள். பழைய வேட்டித் துணியில் சலித்து டப்பாவில் போட்டு வைப்பாள். காலையில் எங்கள் உள்ளங்கையில் ஆளுக்கு ஒரு சிட்டிகை.

மற்ற ஊர்களும் வேறு மாதிரி இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ரோமக் கவிஞர் கட்டுல்லஸ், எக்னேசியஸ் என்பவனைக் கேலி செய்து ஒரு கவிதை எழுதினார். இழவு வீட்டில்கூடப் பல்லைக் காட்டிச் சிரிக்கிற ஆள் அவன். அவனுடைய ஊர் ஸ்பெயின் பக்கம். அங்கே சிறுநீரால் பல் துலக்குவார்களாம். பல் எவ்வளவு மின்னுகிறதோ அவ்வளவு குடித்திருக்கிறான் என்று அர்த்தம் என்கிறார் கவிஞர். அருவருப்பாக இருந்தாலும் இதில் ஒரு வேதியியல் இருக்கிறது. பழைய சிறுநீரில் அம்மோனியா உண்டு, அது அழுக்கை அறுக்கும்.

19ஆம் நூற்றாண்டில் பேஸ்ட் வந்தது. கோல்கேட் 1873இல் அதை ஜாடியில் அடைத்து விற்றது, 1890களில் டியூபுக்கு மாறியது. அந்தக் காலத்துப் பேஸ்டில் முக்கியமாக இருந்தவை சுண்ணாம்புத் தூளும் சோப்பும்தான். யோசித்துப் பார்த்தால் அதுவும் பாத்திரம் விளக்குகிற சாமான்தான், வாசனை மட்டும் சேர்த்திருந்தார்கள்.

எந்தப் பேஸ்ட் பல்லை எவ்வளவு அராவுகிறது என்று துல்லியமாக அளக்க அணு யுகம் வரவேண்டியிருந்தது. 1958இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு விநோதமான வழியை வெளியிட்டார்கள். பிடுங்கிய பல்லை அணு உலையில் வைத்துக் கதிரியக்கம் ஏற்றுவது, பேஸ்டைக் கரைத்து இயந்திர பிரஷால் அதைத் தேய்ப்பது, கரைசலில் எவ்வளவு கதிரியக்கம் இறங்கியிருக்கிறது என்று எண்ணுவது. தேய்ந்த பல்லின் கணக்கு அதில் வந்துவிடும். 1976இல் ஹெஃபரன் என்பவர் இந்த முறையை ஒழுங்குபடுத்தினார். இன்று இதற்கு ஆர்.டி.ஏ. அளவு என்று பெயர். கால்சியம் பைரோபாஸ்பேட் என்ற தூளின் அராவலை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஒப்பிடுவார்கள். சர்வதேசத் தரப்படி ஒரு பேஸ்ட் 250ஐத் தாண்டக் கூடாது. சமையல் சோடா மட்டும் என்றால் 7தான். அப்படியென்றால் என் வைத்தியத்தில் சோடா பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை. எலுமிச்சையின் அமிலம் பல்லை இளக்கிக் கொடுத்தது, கரித்தூளும் முரட்டு பிரஷும் இளகியதை வழித்தெடுத்தன.

ஈயமும் பித்தளையும்

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதை இப்போது தெருவில் பார்க்க முடிவதில்லை. உட்புறம் வெள்ளையாக ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். முரட்டுத்தனமாகத் தேய்த்தால் பூச்சு போய் மஞ்சள் பித்தளை பல்லிளிக்கும்.

பல்லும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. மேலே இருப்பது எனாமல். மனித உடம்பிலேயே கடினமான பொருள் இது, எடையில் சுமார் 96 சதவீதம் தாதுதான். அதன் வழியாக ஓரளவு வெளிச்சம் ஊடுருவும். அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே இளமஞ்சள். ஈறு ஓரத்துக்கு வர வர எனாமல் மெலிந்துவிடும், ஈறுக்குக் கீழே வேரில் எனாமலே கிடையாது. நான் தேய்த்து வெளிக்கொண்டுவந்தது அழுக்கை அல்ல, பித்தளையை. போன ஈயத்தைத் திரும்பப் பூச ஆள் உண்டு. போன எனாமலை உடம்பு திரும்ப வளர்ப்பதில்லை.

கூச்சத்துக்கும் காரணம் அங்கேயே இருக்கிறது. டென்டின் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள். ஒவ்வொன்றிலும் திரவம். சில்லென்று ஏதாவது பட்டால் திரவம் நகரும், அந்த அசைவு உள்ளே இருக்கும் நரம்பைச் சுண்டும். 1900இலேயே ஆல்ஃபிரட் கைசி இப்படி இருக்கலாம் என்று சொன்னார். 1960களில் ஸ்வீடன் நாட்டு மார்ட்டின் பிரான்ஸ்ட்ராம் சோதனைகள் செய்து காட்டிய பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது.

நரம்பைத் தூங்கவைத்தல்

1961இல் அமெரிக்காவின் பிளாக் டிரக் கம்பெனி சென்சோடைனைக் கொண்டுவந்தது. அதில் இருந்த மருந்து ஸ்ட்ரான்சியம் குளோரைடு, அந்தக் குழாய்களின் வாயை அடைப்பதற்கு. ஆனால் ஒரு சிக்கல். பல் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடும் இதுவும் ஒரே டியூபில் சேராது, சேர்ந்தால் இரண்டும் பிணைந்து படிவாகிவிடும். கூச்சத்துக்கு மருந்து வேண்டுமா, சொத்தைக்குக் காவல் வேண்டுமா? ஒன்றைத்தான் எடுக்கலாம்.

இந்த முடிச்சை அவிழ்க்க உதவியது வெடியுப்பு. ஆமாம், வெடிமருந்தில் போடுகிற அதே பொட்டாசியம் நைட்ரேட். ரோட் தீவு மாநிலத்துப் பல் மருத்துவர் மில்டன் ஹோடோஷ் 1974இல் அதைப் பற்றி எழுதினார். பொட்டாசியம் குழாய்கள் வழியே உள்ளே இறங்கி நரம்பின் துடிப்பை மட்டுப்படுத்துகிறது என்பது விளக்கம். ஃபுளோரைடோடு சண்டையும் இல்லை. இன்றும் பல கூச்சப் பேஸ்டுகளில் 5 சதவீதம் வெடியுப்புதான். ஒரே நாளில் கேட்காது. இரண்டு வாரம் போல விடாமல் தேய்க்க வேண்டும். என் டாக்டர் எழுதிக் கொடுத்ததும் இதைத்தான்.

ஈறு மருந்து வெளுத்த கதை

தேய்க்காமல் வெளுக்கும் வழி தற்செயலாகக் கிடைத்தது. 1960களின் பிற்பகுதி, அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலம், ஃபோர்ட் ஸ்மித் என்ற ஊர். பல் சீரமைப்பு மருத்துவர் பில் கிளஸ்மையர், ஈறு புண்ணான ஒருவருக்கு ராத்திரி மாட்டுகிற பல் உறையில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு விட்டு அனுப்பினார். ஈறு ஆறியது. கூடவே பல்லும் வெளுத்திருந்தது! 1989இல் ஹேவுட், ஹேமன் இருவரும் இதை ஒரு முறையாக எழுதி வெளியிட, பல் வெளுப்பது பெரிய வியாபாரமாகிவிட்டது.

ஈறைக் காக்க வந்த மருந்து வெள்ளையைத் தந்தது நல்ல திருப்பம்தான். ஆனால் பெராக்சைடு எனாமலைக் கடந்து உள்ளே போய்த்தான் வேலை செய்கிறது. போகிற வழியில் நரம்பையும் உசுப்புகிறது. வெளுத்த பிறகு கூசுகிறது என்று பலர் சொல்வது இதனால்தான். 2011இல் ஐரோப்பிய ஒன்றியம், பொதுமக்கள் நேரடியாக வாங்கும் பொருளில் ஹைட்ரஜன் பெராக்சைடு 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது. அதற்கு மேல் 6 சதவீதம் வரை பல் மருத்துவர் வழியாகத்தான்.

ஆக, கூசுகிற பல்லுக்கும் நோகிற ஈறுக்கும் வெள்ளையாக்கும் பேஸ்ட் செய்ய உட்கார்ந்தவர்களின் நிலைமை இது: அராவக் கூடாது, வெளுக்கும் மருந்தைக் கூட்டவும் கூடாது. நுரைக்காகப் போடும் சோடியம் லாரில் சல்பேட்கூடச் சிலருக்கு வாயை எரிக்கும். அதனால் மிதமான நுரைப்பான்களைத் தேடினார்கள். கறையைச் சுரண்டாமல் இளக்கி விட பாஸ்பேட் உப்புகளைச் சேர்த்தார்கள். ஃபுளோரைடோடு ஒத்துப்போகிற மென்மையான சிலிக்காவைச் சுண்ணாம்புக்குப் பதிலாக வைத்தார்கள். ஜப்பானில் சாங்கி நிறுவனம் பல்லின் தாதுவையே நுண்தூளாக்கி 1980இல் பேஸ்டில் கலந்தது.

யூனிலீவர் ஆய்வாளர்கள் 2000களில் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. பேஸ்டில் கொஞ்சம் நீல நிறமி. அது பல்மேல் மெல்லப் படிந்து மஞ்சளை மறைத்துக் காட்டும். வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிறோமே, அதே சூத்திரம்! பல்லில் ஒரு துளிகூடக் குறைவதில்லை, பார்க்கிற கண்தான் ஏமாறுகிறது.

இன்னொன்று, 1950களின் நடுவில் கிரெஸ்ட் பேஸ்டில் வந்த ஸ்டேனஸ் ஃபுளோரைடு. சொத்தையைத் தடுக்கும், ஈறு வீக்கத்தைக் குறைக்கும், நுண்குழாய்களையும் அடைக்கும். ஆனால் சிலருக்குப் பல்லில் பழுப்புக் கறை படிந்தது. கறையைக் கட்டுப்படுத்தும் கலவை பிற்பாடுதான் கைகூடியது. ஸ்டேனஸ் என்றால் என்ன உலோகம் என்று பார்த்தேன். வெள்ளீயம். பாத்திரத்துக்குப் பூசுகிற அதே ஈயம்.

சலித்தல்

கடைசியாக ஒன்று தெரியவந்தபோது சங்கடமாக இருந்தது. உமி முழுதாக எரிந்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். இன்றைய பேஸ்டில் அராவுவதற்காக இருப்பதும் சிலிக்கா. வித்தியாசம் துகளின் அளவிலும் வடிவிலும் மென்மையிலும். ஆய்வகத்தில் செய்யும் சிலிக்காவை வேண்டிய அளவுக்குக் கட்டுப்படுத்தலாம். ஆச்சியிடம் இருந்தது ஒரு பழைய வேட்டித் துணி.

அவளுக்கு ஆர்.டி.ஏ. தெரியாது. ஒரு ஆச்சியை வைத்து அறிவியல் பேசவும் முடியாது. உமிக்கரிக்குத் திரும்பிப் போங்கள் என்று சொல்ல நான் வரவில்லை, துணியில் சலித்த கரியும் கரிதான். ஆனால் வாங்கின கரித்தூளை நான் ஒருநாளும் விரலில் நசுக்கிப் பார்க்கவில்லை. அவள் ஒவ்வொரு தடவையும் பார்த்தாள். நறநறவென்று இருந்தால் திரும்பவும் இடிப்பாள், திரும்பவும் சலிப்பாள். பிரஷ் கிடையாது, ஆள்காட்டி விரல்தான். அவள் பல் எந்தக் காலத்திலும் வெள்ளையாக இருந்ததில்லை, வெற்றிலைக் காவி வேறு. ஆனாலும் எழுபது வயசில் எங்களோடு உட்கார்ந்து குச்சி ஐஸைக் கடித்துத் தின்றாள்.

சின்ன வயசில் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் நான் வறட்டு வறட்டென்று தேய்க்கும்போது அடுக்களையிலிருந்து ஒரு சத்தம் வரும்: "ஏட்டி, மெதுவா. பல்லு என்ன பித்தளப் பானையா?"

இப்போது மென்மையான பிரஷ், வெடியுப்புப் பேஸ்ட். கூச்சம் பாதி குறைந்திருக்கிறது. ஈறு ஓரத்து மஞ்சள் அப்படியேதான் இருக்கிறது, அது போகாது. கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டுதான் சிரித்திருக்கிறேன்.