எம்ஷர் ஆறு: ரூர் வட்டாரத் திட்டமிடலின் நூறாண்டு வரலாறு

எம்ஷர் என்பது ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் ஓடும் ஒரு சிற்றாறு. டார்ட்முண்ட் நகருக்குக் கிழக்கே ஹோல்ஸ்விக்கடே என்ற ஊரில் தோன்றி, டின்ஸ்லாக்கன் அருகே ரைன் ஆற்றில் கலக்கிறது. இதன் நீளம் 85 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆயினும் ஐரோப்பாவின் வட்டாரத் திட்டமிடல் வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. ஒரு தலைமுறையினர் தொழில் வளர்ச்சிக்காக ஓர் ஆற்றைக் கைவிட்டனர். பின்வந்த தலைமுறையினர் பெரும் பொருட்செலவில் அதை மீட்டனர். இவ்விரண்டும் திட்டமிட்டே செய்யப்பட்டவை.

ஆறு சாக்கடையான கதை

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரூர் வட்டாரம் நிலக்கரிக்கும் எஃகுக்கும் பெயர் பெற்றது. சுரங்கங்களைச் சுற்றி மக்கள் குடியேற, சிற்றூர்கள் சில பத்தாண்டுகளில் தொழில் நகரங்களாயின. வீடுகளின் கழிவும் ஆலைகளின் கழிவும் எம்ஷரில் கலந்தன. பூமிக்கடியில் நிலக்கரியை வெட்டி எடுத்ததால் மேலிருந்த நிலம் அமிழ்ந்தது. சரிவு மாறியதால் ஆற்றுநீர் ஓட வழியின்றித் தேங்கியது. வெள்ளமும் நோய்களும் மக்களை வாட்டின.

இதற்குத் தீர்வு காண நகராட்சிகளும் சுரங்க, ஆலை உரிமையாளர்களும் சேர்ந்து 1899இல் எம்ஷர் கூட்டுறவு அமைப்பை நிறுவினர். நிலம் அமிழ்ந்துகொண்டே இருந்ததால் பூமிக்கடியில் குழாய் பதிக்க இயலாது, பதித்தாலும் உடைந்துவிடும். எனவே ஆற்றையே நேராக்கி, ஆழப்படுத்தி, கரைகளுக்குக் கற்காரை பூசித் திறந்த கழிவுநீர்க் கால்வாயாக மாற்றினர். தெற்கே ஓடும் ரூர் ஆறு குடிநீருக்கு, எம்ஷர் கழிவுக்கு என்று வட்டாரத்தின் நீர்ப்பணி பிரிக்கப்பட்டது. அன்றைய நிலையில் இது அறிவார்ந்த முடிவே. வெள்ளமும் தேங்கலும் குறைந்தன. ஆனால் கால்வாய்க் கரையில் வாழ்ந்த உழைக்கும் மக்களுக்கு நாற்றமே அன்றாட வாழ்வாயிற்று. வழுக்கும் கரையில் விழுந்தவர் ஏறுவது அரிது என்பதால் இருபுறமும் வேலி அமைக்கப்பட்டது.

பசுமைப் பட்டைகள்

1920இல் ரூர் நிலக்கரி வட்டாரக் குடியிருப்புச் சங்கம் என்ற அமைப்பு உருவானது. நகர எல்லைகளைக் கடந்து ஒரு வட்டாரம் முழுமைக்கும் திட்டமிட ஜெர்மனியில் எழுந்த முன்னோடிப் பொது அமைப்புகளுள் இதுவும் ஒன்று. இதன் முதல் இயக்குநர் ராபர்ட் ஷ்மிட். நகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் இடையே பசுமைப் பட்டைகளைக் காப்பதும், சாலைகளுக்கு இடம் ஒதுக்குவதும் இதன் முக்கியப் பணிகள். அன்று காக்கப்பட்ட திறந்த வெளிகள் பல பத்தாண்டுகளுக்குப் பின் பெரிதும் உதவின.

சரிவும் மாற்றுச் சிந்தனையும்

1957இல் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 6 லட்சம் பேர் பணியாற்றினர். மறு ஆண்டே நெருக்கடி தொடங்கியது. மலிவான எண்ணெயும் இறக்குமதி நிலக்கரியும் சந்தையைப் பிடித்தன. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பின்னர் எஃகு ஆலைகளும் மூடப்பட்டன. 1961 தேர்தலின்போது வில்லி பிராண்ட், ரூரின் வானம் மீண்டும் நீலமாக வேண்டும் என்று முழங்கினார். 1965இல் போகும் நகரில் ரூர் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. எனினும் வட்டாரத்தின் வடபகுதியான எம்ஷர் பள்ளத்தாக்கில் வேலையின்மையும் மாசடைந்த நிலமுமே மிஞ்சின.

இந்நிலையில் நார்ட்ரைன்-வெஸ்ட்பாலியா மாநில அரசு 1989இல் எம்ஷர் பூங்கா பன்னாட்டுக் கட்டடக் கண்காட்சியைத் தொடங்கியது. பெயர் கண்காட்சி என்றாலும் இது பத்தாண்டுத் திட்டம். இதை வழிநடத்தியவர் கார்ல் கான்சர். 17 நகராட்சிகள் பங்கேற்றன. சுமார் 120 பணிகள் மேற்கொள்ளப்பட்டன. பழைய ஆலைகளை இடித்துத் தள்ளாமல், அவற்றையே வட்டாரத்தின் அடையாளமாக்கியது இதன் சிறப்பு. டூயிஸ்புர்க் நகரில் 1985இல் மூடப்பட்ட இரும்பு ஆலை, பீட்டர் லாட்ஸ் வடிவமைப்பில் பூங்காவாயிற்று. அங்கு தாதுக் கிடங்குச் சுவர்களில் மக்கள் மலையேற்றம் பழகுகின்றனர். ஓபர்ஹவுசனில் 117 மீட்டர் உயர எரிவாயுக் கொள்கலன் கண்காட்சிக் கூடமாயிற்று. எசென் நகரின் சோல்ஃபரைன் சுரங்க வளாகம் 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

கண்காட்சி நிறைவுற்ற 1999இல்தான், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் அமைச்சர்கள் போட்ஸ்டாமில் கூடி ஐரோப்பிய இடப்பரப்பு வளர்ச்சி நோக்கு என்ற ஆவணத்தை ஏற்றனர். வளர்ச்சி ஒரே பெருநகரில் குவியாமல் பல நகரங்களில் பரவ வேண்டும், இயற்கையும் பாரம்பரியமும் காக்கப்பட வேண்டும் என்பன அதன் கருத்துகள். அந்த ஆவணத்துக்குச் சட்டக் கட்டாயம் கிடையாது. அது சொன்னவற்றுள் பலவற்றை ரூர் வட்டாரம் முன்னரே செய்து பார்த்திருந்தது.

ஆறு மீண்டது

சுரங்கங்கள் வடக்கே நகர்ந்ததும் நிலத்தின் அமிழ்வு நின்றது. பூமிக்கடியில் குழாய் பதிக்க வழி பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் எம்ஷர் மறுசீரமைப்பு தொடங்கியது. டார்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் அமைக்கப்பட்டது. கிளை ஓடைகளுக்கும் தனிக் குழாய்கள் பதிக்கப்பட்டன. மொத்தச் செலவு சுமார் 550 கோடி யூரோ. 2021 இறுதியில் எம்ஷரில் கழிவுநீர் கலப்பது முற்றிலும் நின்றது. தாவரங்களும் மீன்களும் திரும்பி வருகின்றன.

தீராத கணக்கு

ஆறு மீண்டதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. கெல்சன்கிர்ஷன் இன்றும் ஜெர்மனியில் வேலையின்மை மிகுந்த நகரங்களுள் ஒன்று. டார்ட்முண்டில் எஃகு ஆலை இருந்த இடத்தில் 2010 முதல் நீர் நிரப்பி உருவாக்கிய பீனிக்ஸ் ஏரியின் கரையில் எழுந்தவை பெரும்பாலும் வசதியானவர்களின் வீடுகள். அங்கு உழைத்தவர்களுக்குக் கிடைத்தது என்ன என்ற கேள்வி எழாமல் இல்லை.

2018 டிசம்பரில் போட்ராப் நகரில் ஜெர்மனியின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் அமிழ்ந்த நிலத்தில் நீர் தேங்காதிருக்க இறைப்பு இயந்திரங்கள் ஓயாமல் இயங்க வேண்டும். நிறுத்தினால் குடியிருப்புகள் நீரில் மூழ்கும். ஜெர்மானியர் இதை ‘முடிவிலிப் பணி’ என்றே அழைக்கின்றனர். இதற்கான செலவை ஏற்க 2007இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. சுமார் 150 ஆண்டுகள் எடுத்த நிலக்கரியின் விலையை இனிவரும் தலைமுறைகள் எல்லாம் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நிலைத்த வளர்ச்சி என்ற சொல்லின் பொருளை எம்ஷர் பள்ளத்தாக்கு இவ்வாறே கற்பிக்கிறது.