பிராயம் எய்திய மக்களும் ஜீவனாம்ச உரிமையும்

பெற்ற மக்களைப் போஷிக்கும் கடமை எந்நாளில் முடிவுறுகிறது என்ற வினாவுக்குப் பதினெட்டு வயது என்று விடையிறுத்துவிட்டு மேலே செல்வோரே நம்மிடையே மிகுதி. இந்திய தேசத்துச் சட்ட ஏடுகளைச் சற்று பொறுமையாகப் புரட்டுவோர்க்கோ, பிள்ளையின் வயதை நோக்குவதா, தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத அதன் நிலையை நோக்குவதா என்னும் இரண்டு கொள்கைகள் மாறி மாறி மேலோங்கி வந்திருப்பது புலனாகும்.

முதிய பெற்றோரையும் பத்தினியையும் இளங்குழந்தையையும் எப்பாடுபட்டேனும் காக்கவேண்டும் என்று மனுவின் பெயரால் வழங்கும் ஸ்மிருதி வாக்கியத்தை ஆதாரமாகக் கொண்டு, மைனர் மகனையும் மணமாகாத மகளையும் போஷிப்பது, கையில் குடும்பச் சொத்து இருப்பினும் இல்லாவிடினும், தந்தையின் சொந்தக் கடமையே என்று ஆங்கில ஆட்சிக்கால நியாயஸ்தலங்கள் தீர்த்தன. பிராயம் வந்த மகனின் நிலை வேறு. மிதாக்ஷரம் என்னும் இந்து தாயமுறை செல்லும் நாடுகளில் பிதிரார்ஜிதச் சொத்தில் மகனுக்குப் பிறப்பினாலேயே பங்கு உண்டாதலால், அவன் உண்டதும் உடுத்ததும் தந்தையின் தயவினால் அல்ல, தன் பாத்தியதையினால். தாயபாகம் என்னும் மற்றொரு முறை செல்லும் வங்காளத்திலோ, தந்தை உயிரோடிருக்கும்வரை சொத்து முழுதும் அவருக்கே உரியதாகையால், வளர்ந்த மகன் கேட்டுப் பெறுவதற்கு ஒன்றுமில்லை. பிராயம் என்பதே வங்காளத்தில் பதினைந்து வயது நிறைவிலும் ஏனைய இடங்களில் பதினாறு வயது நிறைவிலும் வருவதாகக் கொள்ளப்பட்டிருந்தது. 1875ஆம் ஆண்டின் மேஜாரிட்டி சட்டமே, விவாகம், தத்து முதலியவற்றை விலக்கிவிட்டு, அதனைப் பதினெட்டாக நிலைநிறுத்திற்று.

இதற்கு முன்னரே, மதபேதம் பாராத வேறொரு வழி திறந்திருந்தது. 1861ஆம் ஆண்டின் கிரிமினல் நடைமுறைச் சட்டம், வசதியிருந்தும் மனைவியையோ, முறைப்படி பிறந்ததாயினும் அல்லாததாயினும் தன் குழந்தையையோ காக்கத் தவறும் ஒருவனை மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்குமாறு மாஜிஸ்திரேட்டு கட்டளையிடலாம் என்று விதித்தது. ஆதரவற்றோர் தெருவில் அலைந்து குற்றத்தில் விழாமல் தடுப்பதே சர்க்காரின் நோக்கமேயன்றி, குடும்ப தர்மத்தைப் பரிபாலிப்பதன்று. ஆயினும், காருண்யத்தினால் பிறவாத அவ்விதி காருண்யமுள்ள சில விதிகளைவிட அகன்றதாயிருந்தது; குழந்தை தன்னைக் காத்துக்கொள்ள இயலாததா என்று மட்டும் அது வினவிற்றேயன்றி, வயது என்ன என்று வினவவில்லை. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 488ஆம் பிரிவும் இவ்வாறே அமைந்தது. உதவித்தொகையின் உச்சவரம்பு 50 ரூபாயிலிருந்து 1923இல் 100 ஆகவும் 1955இல் 500 ஆகவும் ஏறி, 2001இல்தான் அறவே நீங்கியது.

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுத்தல் ஜீவனாம்சச் சட்டம் தாயையும் தந்தையோடு ஒப்பப் பொறுப்பாளியாக்கியது புதுமையே. அதன் 20ஆம் பிரிவு மகனுக்கு மைனர் பருவத்தோடு எல்லை கட்டியது. மணமாகாத மகளுக்கோ, சொந்த வருவாயோ சொத்தோ போதாதவரையில், வயதெல்லை ஒன்றையும் கட்டவில்லை. கல்விச் செலவும் ஜீவனாம்சத்துள் அடங்கும் என்று அதே சட்டம் வரையறுத்திருப்பதனால், கல்லூரிச் சம்பளம் தொடங்கும் வயதிலேயே மகனின் உரிமை தீர்ந்துபோவது எனக்கு விநோதமாகவே தோன்றுகிறது.

இப்புதுச் சட்டத்தினால் 488ஆம் பிரிவு குன்றிவிடவில்லை என்றும், அதிலுள்ள குழந்தை என்பது மைனரை மட்டும் குறிப்பதன்று என்றும், எவ்வயதினராயினும் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத மகனும் மகளும் அதனுள் அடங்குவர் என்றும் உச்ச நீதிமன்றம் 1969இல் தீர்ப்பளித்தது. இயலாமைக் கொள்கைக்குக் கிட்டிய இவ்வெற்றி ஐந்தாண்டுகூட நிலைக்கவில்லை. 1974 ஏப்ரல் முதல் நாளில் அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, மைனர் குழந்தை என்றே வெளிப்படையாக வரைந்து, உடற்குறை அல்லது மனக்குறையினால் தம்மைக் காத்துக்கொள்ள இயலாத மேஜர் மக்களுக்கு மட்டும் விலக்களித்தது. விவாகரத்துப் பெற்ற மனைவியையும் முதிய தாய் தந்தையரையும் புதிதாக உள்ளே சேர்த்துக்கொண்ட அப்பிரிவே, படித்துக்கொண்டிருக்கும் வாலிபனை வெளியே நிறுத்தியது என்பது கவனிக்கத்தக்கது. ஜீவனாம்சம் சோம்பலுக்கு மானியமாகிவிடும் என்னும் அச்சம் நியாயமானதே எனினும், இயலாமையை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனையே அதற்குப் போதிய காவலாயிருந்திருக்கும்.

பிற்காலத்துத் தீர்ப்புகள் 1956ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் இந்த 125ஆம் பிரிவிற்கும் இடையே உள்ள இடைவெளியில் நடமாடுவனவே. முஸ்லிம் குழந்தைகளுக்கும் 125ஆம் பிரிவு முழுமையாகப் பொருந்தும் என்பது 1997இல் உறுதியாயிற்று. மணமாகாத இந்து மகள் பிராயம் எய்திய பின்னர் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்கிட்டுப் பெறலாமேயன்றி, மாஜிஸ்திரேட்டின் சுருக்கமான விசாரணையில் அதனைப் பெற இயலாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் விளக்கிற்று.

அந்நடைமுறைச் சட்டத்திற்குப் பதிலாக 2023இல் இயற்றப்பெற்ற பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையில், 125ஆம் பிரிவின் இடத்தில் நிற்கும் 144ஆம் பிரிவில், மைனர் என்னும் அடைமொழி காணப்படவில்லை. 1861ஆம் ஆண்டின் நிலை மீண்டதோ என்று ஒருவர் மகிழக்கூடும். ஆனால், தான் வரையறுக்காத சொற்களுக்குத் தண்டனைச் சட்டமாகிய பாரதிய நியாய சம்ஹிதையின் பொருளையே கொள்ளவேண்டும் என்று இச்சட்டம் கூறுகிறது. குழந்தை என்பது பதினெட்டு வயதிற்குட்பட்டவர் என்று அச்சம்ஹிதை கூறுகிறது. குறையுள்ள மேஜர் மக்களுக்கெனத் தனியே ஓர் உட்பிரிவு முன்போலவே தொடர்வதும், வாயிலில் பெயர்த்தெடுத்த தடையை உள்ளறையில் மறுபடி நட்டிருப்பதையே காட்டுகிறது.