.32 தோட்டாவின் தேய்வு: ஆற்றலா, சட்டமா?

ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலை 1899இல் வெளியிட்ட .32 ஏசிபி தோட்டா, அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஐரோப்பியக் காவலர் பலரின் கைத்துப்பாக்கிகளில் இடம்பெற்றது. இன்று அங்கே அது அருகிவிட்டது. ஆற்றல் போதாமையே காரணம் என்பது பலரும் ஏற்ற விளக்கம். அது பாதி விளக்கமே. ஒரு தோட்டாவின் ஆயுளை அதன் ஆற்றலைவிட, அதை யார் வாங்கலாம் என வரையறுக்கும் அமைப்பே தீர்மானிக்கிறது என இக்கட்டுரை வாதிடுகிறது.

ஆற்றல் வேறுபாட்டை மறுப்பதற்கில்லை. .32இன் குண்டு சுமார் 4.6 கிராம், அதன் ஆற்றல் ஏறத்தாழ 170 ஜூல். 9 மி.மீ. பாரபெல்லம் தோட்டாவுக்கு அது சுமார் 500 ஜூல். ஆனால் .32இன் குறைந்த அழுத்தமே அதன் பலமாகவும் இருந்தது. பூட்டமைப்பு இல்லாத எளிய, சிறிய துப்பாக்கிக்கு அது போதும். 1929இல் வந்த வால்தர் பிபி கைத்துப்பாக்கி அதற்குச் சான்று.

மேலும், 9 மி.மீ. பாரபெல்லம் 1902இலேயே வந்துவிட்டது. ஆற்றல் மட்டுமே அளவுகோல் என்றால் .32 அப்போதே ஒதுங்கியிருக்க வேண்டும். மேற்கு ஜெர்மனியில் மாற்றம் வந்தது 1970களில். 1972 மியூனிக் ஒலிம்பிக் தாக்குதலும் உள்நாட்டு ஆயுதக் குழுக்களின் வன்முறையும் காவலரின் தேவையை மாற்றின. அதன் பிறகே 9 மி.மீ. அங்கே காவல்துறையின் பொது அளவானது. தோட்டா மாறவில்லை, வாங்குபவரின் கணக்கு மாறியது.

இந்தியா இதற்கு நேர் எதிரான சான்று. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் 9 மி.மீ. போன்ற படைத்துறை அளவுகளைத் தடைசெய்யப்பட்ட வகையில் வைத்துள்ளன. .32 அத்தடைக்கு வெளியே நிற்கிறது. எனவே, தமிழ்நாட்டில் உரிமம் பெற்றவரும் பிஸ்டல் வாங்கப் போனால் பெரும்பாலும் .32க்கே வந்து சேர்கிறார். அவருக்காகவே அரசுத் தொழிற்சாலைகள் ‘அஷானி’ பிஸ்டலைத் தயாரித்தன. உலகச் சந்தையில் தேய்ந்த தோட்டா இங்கே பிழைத்திருப்பது விருப்பத்தால் அன்று, வேறு வழி இல்லாததால்.

மலேசியா மூன்றாவது நிலை. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமானது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி அக்குற்றத்திற்காகவே 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் தரும் அதிகாரம் மாநிலக் காவல்துறைத் தலைவரிடம் உள்ளது. எனவே, அங்கே ஒருவர் எந்தத் தோட்டாவை விரும்புகிறார் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. தனியார் கைத்துப்பாக்கிச் சந்தை விரிவாக உருவாக இடமில்லை.

மூன்று நாடுகளிலும் தோட்டாவின் ஆற்றல் ஒன்றே. அதன் கதி வெவ்வேறு. எனவே, ‘செல்வாக்கு இழந்தது’ என்று எழுதும்போது எந்தச் சட்டத்தின் கீழ், யாரிடத்தில் இழந்தது என்பதையும் சேர்த்தே ஆய்வாளர் சொல்லியாக வேண்டும். விற்பனை எண்ணிக்கை மட்டும் மக்களின் தேர்வைக் காட்டாது. தேர்வுக்கு இடம் இருந்ததா என்பதை முதலில் நிறுவ வேண்டும்.