கோழிக்குப் போட்ட வரி, வேனுக்கு வந்த வினை

இந்த எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்குது.

காலேஜ்ல என் ரூம்மேட்டா இருந்தவன் இப்போ அமெரிக்காவுல, சான் டியாகோவுல வேலை பார்க்கிறான். அங்கிருந்து ஒரு ரெண்டு மணி நேரம் ஓட்டினா ஒகொட்டீயோ வெல்ஸ்னு ஒரு பாலைவனப் பகுதி. இந்த மாதிரி வண்டிகள் ஓட்டுறதுக்குன்னே கலிஃபோர்னியா அரசு ஒதுக்கி வச்சிருக்கிற இடம். நம்மாளு செகண்ட் ஹேண்ட்ல ஒரு 250 சிசி டர்ட் பைக் வாங்கிட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பைக்கை ஏத்திக்கிட்டுக் கிளம்பணும், ராத்திரி அங்கேயே தூங்கணும், ஞாயித்துக்கிழமை திரும்பணும். திங்கட்கிழமை அதே வண்டியில ஆபீஸுக்கும் போகணும். ரெண்டு வண்டி வாங்க வசதி இல்லை. விசாவுல இருக்கிறவன் வேற. வேலை போனா அடுத்த வேலை தேட 60 நாள்தான் டைம். அதனால, எப்ப வேணும்னாலும் சட்டுனு விக்கிற மாதிரி வண்டியாவும் இருக்கணும்.

வாய்ஸ் நோட்ல அவன் கேட்டது இதுதான்: "டேய், நம்ம ஊர்லயே டொயோட்டா ஹைலக்ஸ் விக்கிறான். ஆப்பிரிக்காவுல ஓடுது, ஆஸ்திரேலியாவுல ஓடுது. பிக்கப்புக்குப் பேர் போன நாடு இது, இங்க மட்டும் அது இல்லை. ஏன்டா?"

நியாயமான கேள்வி. பதிலைத் தேடிப் போனா, கடைசியில ஒரு கோழிக்கறிச் சண்டையில போய் நின்னேன். வாங்க, வரிசையா பார்ப்போம்.

பைக்கை ஏன் சுமக்கணும்?

முதல்ல ஒரு அடிப்படைச் சந்தேகம். பைக்கே ஒரு வண்டிதானே, அதை எதுக்கு இன்னொரு வண்டியில ஏத்தணும்?

ஆரம்பத்துல ஏத்த வேண்டிய தேவை குறைவாத்தான் இருந்தது. 1968 மாடலா அமெரிக்காவுக்கு வந்த யமஹா டிடி-1 நல்ல உதாரணம். 250 சிசி, நம்ம அப்பா காலத்து ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக். ஹெட்லைட் உண்டு, நம்பர் பிளேட் உண்டு. வீட்டுல இருந்து ரோட்டுல ஓட்டிட்டுப் போய், அப்படியே மண்ணுல இறக்கலாம். விலையும் சாதாரண ஆளுக்கு எட்டுற விலை.

அதே சமயத்துல இன்னொரு பக்கம் ஐரோப்பாவோட மோட்டோகிராஸ் பந்தயம் கலிஃபோர்னியாவுக்குள்ள நுழைஞ்சிருந்தது. 1966ல எடிசன் டை என்ற இறக்குமதியாளர், ஸ்வீடன் வீரர் டார்ஸ்டன் ஹால்மனைக் கூட்டிட்டு வந்து ஹஸ்க்வர்னா பைக்கை ஓட்டிக் காட்ட வச்சார். 1971ல புரூஸ் பிரவுன் எடுத்த ‘ஆன் எனி சண்டே’ ஆவணப்படம் வந்தது. ஸ்டீவ் மெக்வீன் மாதிரி ஒரு ஹாலிவுட் ஸ்டாரே மண்ணுல பைக் ஓட்டுறதைத் தியேட்டர்ல பார்த்த பசங்க, மறுநாள் ஷோரூம் வாசல்ல நின்னாங்க. 1973ல ஹோண்டா எல்சினோர் சிஆர்250எம் வந்தது. இது முழுக்க முழுக்கப் பந்தய பைக். ஹெட்லைட் கிடையாது, இண்டிகேட்டர் கிடையாது. ரோட்டுல ஓட்டினா போலீஸ் பிடிக்கும்.

பைக் மண்ணுக்கு ஏத்ததா மாற மாற, ரோட்டுக்கு ஆகாததா மாறிடுச்சு. அப்போ அதைச் சுமக்க ஒரு வண்டி கண்டிப்பா வேணும். பாலைவனத்துல ஹோட்டல் இல்லை. அதனால அதே வண்டியில தூங்கவும் வேணும்.

இன்ஜின் எங்க இருக்கு?

இது ஒரு இட நெருக்கடிப் பிரச்சனை. பைக் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 100 கிலோவுக்கு மேல எடை. மனுஷன் படுத்தாலும் 2 மீட்டர் வேணும். ரெண்டு பேருக்கும் இருக்கிறது ஒரே தரை. அந்தத் தரை எவ்வளவு தாழ்வா, எவ்வளவு நீளமா இருக்கும்னு தீர்மானிக்கிறது, இன்ஜினை எங்க வச்சிருக்காங்க என்பதுதான்.

அன்னைக்கு கேம்பிங் வண்டின்னாலே ஃபோக்ஸ்வேகன் டைப் 2. 1947ல பென் பொன் என்ற டச்சு வியாபாரி ஒரு நோட்டுல கிறுக்கின படத்துல இருந்து பிறந்து, 1950ல தயாரிப்புக்கு வந்த வேன். 1951லயே வெஸ்ட்ஃபாலியா கம்பெனி அதுக்குள்ள வச்சுக்கிற கேம்பிங் பெட்டி விக்க ஆரம்பிச்சது. தூங்க அருமையான வண்டி. ஆனா இன்ஜின் பின்னாடி. அதனால பின்பக்கத் தரை மேடா இருக்கும். பின்கதவு வழியா பைக்கை உருட்டி ஏத்த முடியாது.

1961ல அமெரிக்கக் கம்பெனிகள் பதிலடி கொடுத்தன. செவ்ரலேயும் கோர்வேர் காரோட அடிப்படையில இன்ஜினைப் பின்னாடிதான் வச்சது. அதுல வந்த ரேம்ப்சைட் என்ற பிக்கப்புக்கு ஒரு விசித்திரமான தீர்வு கண்டுபிடிச்சாங்க. பின்னாடி ஏத்த முடியலையா? சரி, பக்கவாட்டுச் சுவரையே கீழே இறக்கிச் சாய்வுப் பலகையா ஆக்கிட்டாங்க. புத்திசாலித்தனமான வேலை. ஆனா உள்ளே தரை ஒரே மட்டமா இல்லை. அந்த மாடல் 1964ஓட முடிஞ்சது.

அதே 1961ல ஃபோர்டு எகோனோலைன் வந்தது. இன்ஜின் முன்சீட்டு ரெண்டுக்கும் நடுவுல. நம்ம ஊர் ஆம்னி வேன்ல முன்சீட்டுக்கு அடியில இன்ஜின் இருக்குமே, கிட்டத்தட்ட அந்த யோசனை. டிரைவருக்குச் சூடு, சத்தம் எல்லாம் இலவசம். ஆனா சீட்டுக்குப் பின்னாடி இருந்து கடைசிக் கதவு வரைக்கும் ஒரே மட்டமான, தாழ்வான தரை. ஒரு பலகை போட்டா பைக் நேரா உள்ளே போகும். அடுத்து வந்த எகோனோலைன்ல இன்ஜினை இன்னும் முன்னாடி தள்ளி, குட்டியா ஒரு பானெட் கொடுத்தாங்க. 1971ல செவ்ரலே, டாட்ஜ் வேன்களும் அதே வழிக்கு வந்தன. எழுபதுகள்ல வேனுக்குள்ள கார்பெட் போட்டுக் கட்டில் அடிச்ச கலாச்சாரம் முழுக்க இந்த வண்டிகள் மேலதான் வளர்ந்தது.

பார்த்தா, நல்ல டிசைன் ஜெயிச்ச கதை மாதிரி தெரியும். பாதி உண்மைதான். மீதிப் பாதிக்குத்தான் கோழி வருது.

கோழிச் சண்டை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவுல பண்ணைக் கோழி உற்பத்தி பெருசா வளர்ந்து, கோழிக்கறி ரொம்ப மலிவாச்சு. அது ஐரோப்பாவுக்கு, முக்கியமா மேற்கு ஜெர்மனிக்கு, கப்பல் கப்பலா போச்சு. உள்ளூர் விவசாயிகள் கொதிச்சாங்க. 1962ல ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் கோழி இறக்குமதிக்கு வரியை ஏத்துச்சு. பேச்சுவார்த்தை நடந்தும் சரியாகலை.

1963 டிசம்பர் 4ஆம் தேதி. கென்னடி கொல்லப்பட்டு இரண்டு வாரம்கூட ஆகலை. புது அதிபர் லிண்டன் ஜான்சன் பதிலடி உத்தரவுல கையெழுத்துப் போட்டார். உருளைக்கிழங்கு மாவுச்சத்து, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, லாரி வகை வண்டிகள். இந்த நாலுக்கும் வரியை ஏத்தினாங்க, லாரிக்கு 25 சதவீதம். 1964 ஜனவரியில அமலுக்கு வந்தது.

மாவுச்சத்து பட்டியல்ல லாரி எப்படி வந்தது? குறி ஃபோக்ஸ்வேகன் மேல. ஜன்னலும் சீட்டும் இருக்கிற டைப் 2 பஸ் பயணிகள் கார் கணக்குல தப்பிச்சது. ஜன்னல் இல்லாத சரக்கு வேனும் பிக்கப்பும் மாட்டிக்கிச்சு. அடுத்த ஒரே வருஷத்துல மேற்கு ஜெர்மனியில இருந்து வந்த லாரி வகை இறக்குமதியோட மதிப்பு ஏறக்குறைய மூணுல ஒரு பங்கா சுருங்கிடுச்சு.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம்: வரி போட்டது மேற்கு ஜெர்மனியைக் குத்திக்காட்டத்தான். ஆனா உலக வர்த்தக விதிப்படி அது எல்லா நாட்டுக்கும் பொருந்தணும். அப்போ பெருசா கண்டுக்கப்படாத ஜப்பானும் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. பிராந்தி, மாவுச்சத்து, டெக்ஸ்ட்ரின் மூணுக்கும் பின்னாடி வரி நீங்கிடுச்சு. லாரிக்கு மட்டும் நீங்கலை. நம்ம பாஷையில சொன்னா, அவசரத்துக்குப் போட்ட ஒரு பேட்ச். போட்டவர் போயிட்டார், எதுக்காகப் போட்டாங்களோ அந்தச் சண்டையும் போயிடுச்சு. கோட் மட்டும் புரொடக்‌ஷன்ல ஓடிட்டே இருக்கு.

சந்து பொந்தெல்லாம்

25 சதவீதம்னா, கம்பெனிகள் சும்மா இருக்குமா?

முதல் சந்து: சரக்கு வைக்கிற பின்பாடி இல்லாம, கேபினும் சேஸிஸும் மட்டும் இறக்குமதி பண்ணா வரி 4 சதவீதம்தான். வந்து இறங்கினதும் பாடியை மாட்டிக்கலாம். இதைப் பயன்படுத்தினது ஜப்பான் கம்பெனிகள் மட்டும் இல்லை. 1972ல வந்த ஃபோர்டு கூரியர் உண்மையில மஸ்டா தயாரிச்சது, செவ்ரலே லவ் இசுசு தயாரிச்சது. ரெண்டும் இந்த வழியிலதான் வந்தது. அடுத்த வருஷமே எண்ணெய் நெருக்கடி வேற வர, குட்டி பிக்கப்புல பைக்கை நிக்க வச்சுக் கட்டிட்டுப் போறது கலிஃபோர்னியாவுல சகஜமாச்சு. 1980ல அரசு இந்தச் சந்தை அடைச்சது. அதுக்கப்புறம் ஜப்பான் கம்பெனிகளுக்கு அமெரிக்காவுலயே தொழிற்சாலை கட்டுறது லாபமா தெரிஞ்சது. 1983ல டென்னசியில நிசான் ஆலையில முதல்ல வெளிவந்த வண்டியே ஒரு பிக்கப்தான்.

இரண்டாவது, சுபாரு பிராட். பிக்கப்போட திறந்த பின்பாடியில ரெண்டு பிளாஸ்டிக் சீட்டைப் பின்பக்கம் பார்த்த மாதிரி வெல்டு பண்ணிட்டு, "இது பயணிகள் வண்டி"ன்னு கொண்டு வந்தாங்க. ரொனால்ட் ரீகன்கூட தன் பண்ணையில ஒண்ணு வச்சிருந்தார்.

மூணாவது, மெர்சிடிஸ் ஸ்பிரின்டர். இன்னைக்கு இன்ஸ்டாகிராம்ல பார்க்கிற உயரக் கூரை கேம்பர் வேன்ல பாதி இதுதான். 2001ல இருந்து அமெரிக்காவுல வித்தாங்க. ஆனா எப்படி? ஜெர்மனியில முழுசா செஞ்சு, அப்புறம் இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் கழட்டித் தனித்தனியா கப்பல் ஏத்தி, தென் கரோலினாவுல திரும்ப மாட்டினாங்க. செஞ்ச வண்டியைக் கழட்டுறதுக்குன்னு சம்பளம் கொடுத்திருக்காங்க. 2018ல தான் அங்கேயே முழு ஆலை திறந்தாங்க.

கடைசியா, இந்த வரி யாரைக் காப்பாத்துதோ அந்த ஃபோர்டே இதுல மாட்டினது. துருக்கியில செஞ்ச டிரான்சிட் கனெக்ட் வேனைப் பின்சீட்டோட இறக்கி, பால்டிமோர் துறைமுகத்துல சீட்டைக் கழட்டிட்டுச் சரக்கு வேனா வித்தாங்க. 2019ல மேல்முறையீட்டு நீதிமன்றத்துல தோத்து, 2024ல 36.5 கோடி டாலர் கொடுத்து முடிச்சாங்க.

அப்போ ஹைலக்ஸ்? 1976ல அந்தப் பேரையே அமெரிக்காவுல விட்டுட்டாங்க. 1995ல டகோமான்னு அந்த நாட்டுக்குன்னே தனி வண்டி வந்தது. அது இப்போ தயாராகிறது மெக்சிகோவுல. ஒரு ஆலை டிஜுவானா பக்கம், என் நண்பன் வீட்டுல இருந்து எல்லையைத் தாண்டினா போதும். வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறதால அங்கிருந்து வந்தா கோழி வரி கிடையாது. பாதுகாப்பு விதி, புகை விதி, பெரிய வண்டி மேல அவங்களுக்கு இருக்கிற ஆசை, இதெல்லாமும் காரணம்தான். வரி ஒண்ணே காரணம்னு நான் சொல்லமாட்டேன். ஆனா தாய்லாந்துல செய்யுற ஹைலக்ஸை அப்படியே கொண்டு வந்து விக்க எந்தக் கணக்கும் இடம் கொடுக்காததுக்கு வரி ஒரு பெரிய காரணம்.

நம்மாளு என்ன வாங்கினான்?

இதையெல்லாம் அவனுக்கு 14 நிமிஷ வாய்ஸ் நோட்டா அனுப்பினேன். "சூப்பர்டா. எதை வாங்கட்டும்?"னு திரும்பக் கேட்டான்.

சேர்ந்து உக்காந்து ஒவ்வொண்ணா அடிச்சோம். இருக்கிற சின்ன காரோட பின்னாடி கொக்கி மாட்டி, அதுல பைக்கைத் தொங்கவிடுறது சீப்பு. ஆனா பின்சக்கரத்துக்கும் பின்னாடி 100 கிலோ தொங்கினா முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடி குறையும். அதனால வேண்டாம். பிக்கப்னா பைக் ஏறிடும், ஆனா தூங்க டென்ட் அடிக்கணும், பாலைவனக் காத்துல அது சிரமம். டிரெய்லர் இழுத்தா அபார்ட்மென்ட்ல நிறுத்த இடமில்லை.

மிஞ்சினது உயரக் கூரை வேன். அதுல 2013ல வந்த ரேம் புரோமாஸ்டருக்கு முன்சக்கர டிரைவ். பின்னாடி ஷாஃப்ட் ஓடாததால தரை ரெண்டு அடிக்கும் தாழ்வு. பலகை சாய்வும் குறையும், ஒத்தை ஆளா பைக்கை ஏத்திடலாம். மணல்ல கொஞ்சம் திணறும், அதனால கெட்டியான பாதையை விட்டு இறங்கக் கூடாது. பழைய வண்டி ஒண்ணு, உள்ளே எதுவும் செய்யாத வெத்து சரக்கு வேன். அதுவே நல்லதுன்னு பட்டுச்சு. மடக்குற கட்டிலைக் கழட்டிட்டா நாளைக்கு எந்த பிளம்பரும் வாங்குவார்.

அந்த வேன் எங்க செஞ்சதுன்னு கேட்டேன். பேப்பரைப் பார்த்துச் சொன்னான்: மெக்சிகோ.

போன வாரம் முதல் டிரிப் போயிட்டு வந்தான். ஒரு விஷயம் மட்டும் நாங்க யோசிக்காம விட்டிருந்தோம். மூடின வேனுக்குள்ள பைக் பக்கத்துல படுத்தா பெட்ரோல் வாடை. தலைவலி வந்து நடுராத்திரி எழுந்து, பைக்கை இறக்கி வெளிய வீல்ல சங்கிலி போட்டுக் கட்டிட்டு, கதவைத் திறந்து காத்தோட்டம் விட்டுட்டுத்தான் படுத்திருக்கான். பெட்ரோல் ஆவி விளையாட்டு இல்லை. அடுப்பு பத்த வைக்கிற ஆளா இருந்தா இன்னும் ஆபத்து. நீங்க யாராவது இப்படிப் போறீங்கன்னா, பைக்கும் நீங்களும் ஒரே அறையில தூங்காதீங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். அதுவரைக்கும், உங்க கோட்ல யாரோ எப்பவோ போட்டுட்டுப் போன "தற்காலிகம்"னு ஒரு வரி இருந்தா, இன்னைக்கே எடுத்துப் பாருங்க.