குருந்தம்

அமெரிக்காவில் மரவில் பிடித்து மான் வேட்டைக்குப் போகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், வில்லைப் பற்றிக் கொஞ்சமும் அம்பின் முனையைப் பற்றி நிறையவும் சொல்வார்கள். அந்த முனைக்கு அவர்கள் வைத்த பெயர் 'பிராட்ஹெட்'. அகன்ற, தட்டையான எஃகு அலகு. இரண்டு வாய் அல்லது மூன்று வாய் உள்ளது. நம் இதிகாசங்களில் வரும் பிறைமுகக் கணைக்கு ஒன்றுவிட்ட உறவு எனலாம். (நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இதெல்லாம் ஏட்டோடு சரி. அங்கே உரிமம் வாங்கி, பருவம் பார்த்து நடக்கிறது.)

முனை மேல் இவ்வளவு அக்கறை ஏன்? துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியால் சாய்க்கிறது. அம்புக்கு அந்த வேகமும் கிடையாது, விசையும் கிடையாது. அது அறுத்து, குருதி வடியவிட்டுத்தான் கொல்லும். கூரான வாய் பட்டுச் சுத்தமாக அறுந்த நாளத்தில் ரத்தம் எளிதில் நிற்காது. விலங்கு சில நொடிகளில் தளர்ந்து விழும். மழுங்கிய வாய் நாளத்தைக் கிழிக்கும், நசுக்கும். கிழிந்த இடத்தில் ரத்தம் சீக்கிரம் உறைந்து அடைத்துக்கொள்ள, காயத்தோடு விலங்கு நெடுந்தூரம் ஓடி எங்கோ புதரில் கிடந்து சாகும். மழுங்கல் முனையோடு காட்டுக்குள் போவதை அங்கே பாவமாகவே கருதுகிறார்கள். அந்தக் கருத்தில் எனக்கும் மறுப்பில்லை.

தீட்டும் முறை சிக்கலானதல்ல, பொறுமைதான் வேண்டும். முதலில் தட்டை அரத்தால் இரு பக்கமும் ஒரே சாய்வில் ராவ வேண்டும். இருவாய் முனைக்குப் பக்கத்துக்கு 20 முதல் 25 பாகைச் சாய்வு போதும். மூன்று வாய் முனையில் கோணம் பார்க்கும் தொல்லையே இல்லை: அரத்தின் மேல் படுக்கவைத்தால் இரண்டு வாய் ஒரே நேரத்தில் படியும், தள்ளித் திருப்பி, தள்ளித் திருப்பி வேலையை முடிக்கலாம். ராவ ராவ விளிம்பின் மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும். விரலால் குறுக்கே தடவினால் தட்டுப்படும். பிசிறு முழு நீளத்துக்கும் எழுந்துவிட்டால்தான் அடுத்த கட்டமான கல். கல்லில் தேய்த்துப் பிசிறைக் குறைத்து, கடைசியில் தோல்வாரில் இழுத்து அதை அடியோடு போக்க வேண்டும். முன்கை மயிர் மழித்துக்கொண்டு வந்தால் பதம். இழுத்துக் கட்டிய ரப்பர் வளையத்தில் வாயை லேசாக வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அரம் பட்ட சொரசொரப்பே நன்றாக அறுக்கும், கல்லே வேண்டாம் என்று ஒரு சாரார் இன்றும் வாதாடுகிறார்கள். தக்காளி நறுக்க அந்தச் சொரசொரப்பு நல்லதுதான். உயிருள்ள உடம்பில் பாயும் முனைக்கு வழுவழுப்பான வாயே மேல் என்பது என் கட்சி.

இந்த வேட்டைமுறை இருபதாம் நூற்றாண்டில் புத்துயிர் பெற்றதற்கு இஷி என்ற பழங்குடி மனிதர் ஒரு முக்கியக் காரணம். யாஹி இனத்தில் கடைசியாக எஞ்சியவர். 1911-இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரருகே வெளியுலகத்தார் கண்ணில் பட்டார், 1916-இல் இறந்தார். இடைப்பட்ட காலத்தில் சாக்ஸ்டன் போப் என்ற அறுவை மருத்துவர் அவரிடம் வில் பழகி, 1923-இல் நூலே எழுதிவிட்டார். இஷியின் அம்புமுனை எரிமலைக் கண்ணாடியாலோ புட்டிக் கண்ணாடியாலோ ஆனது. அதைத் தேய்ப்பதில்லை; மான்கொம்பு போன்ற கருவியின் நுனியால் அழுத்தி அழுத்திச் செதில் பெயர்த்தால் கூர் தானே பிறக்கும். எஃகுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. எஃகைத் தேய்க்க எஃகைவிடக் கடினமான ஒரு பொருள் வேண்டும்.

அந்தப் பொருளின் பெயரில்தான் நமக்கு வேலை இருக்கிறது. வேட்டைக்காரர் கையில் இருக்கும் கருஞ்சாம்பல் நிறக் கல்லின் பெயர் 'கார்போரண்டம்'. இன்னொரு பழுப்புநிறக் கல் 'இந்தியா கல்' என்றே விற்கிறது. செயற்கை அலுமினியம் ஆக்சைடால் ஆனது. முதற்பெயரைப் பிரித்துப் பார்த்தால் கொங்குநாட்டு மண் உதிரும்.

1891-இல் பென்சில்வேனியாவில் எட்வர்டு அச்செசன் களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து அதற்குள் மின்சாரம் பாய்ச்சினார். ஆறிய பிறகு பார்த்தால் மினுமினுக்கும் சிறு படிகங்கள், கண்ணாடியைக் கீறின. கரியும், களிமண்ணில் இருந்த அலுமினாவும் சேர்ந்து உண்டான பொருள் என்று அவர் எண்ணினார். அலுமினாப் படிகத்துக்கு அப்போதே 'கொரண்டம்' என்று பெயர் இருந்தது. கார்பனையும் கொரண்டத்தையும் ஒட்டி 'கார்போரண்டம்' என்றார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. அலுமினாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. 1893-இல் காப்புரிமை கிடைத்தது, பெயரும் ஊன்றிவிட்டது. வேதியியல் பிசகில் பிறந்த பெயர் என்பதற்காக யாரும் அதை மாற்றவில்லை.

சரி, கொரண்டம் எங்கிருந்து வந்தது? ஆங்கில அகராதிகள் தமிழின் 'குருந்தம்' என்ற சொல்லைக் காட்டுகின்றன. சார்லஸ் கிரெவில் என்பவர் 1798-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஆசியாவின் இந்தக் கல்லைப் பற்றி விரிவாக எழுதினார். இன்றைய எழுத்துவடிவம் அறிவியலில் நிலைத்தது அதன் பிறகுதான். ஆனால் அதற்கும் முன்பே, 1720-களில், ஜான் உட்வர்டு என்பவரின் கனிமப் பட்டியலில் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து போன மாதிரிகள் 'கொரிவிண்டம்' என்ற பெயரில் பதிவாகியிருக்கின்றன. ஒன்று 'தெல்ல', இன்னொன்று 'நெல்ல'. தெலுங்கு தெரிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும்: தெல்ல என்றால் வெள்ளை; 'நெல்ல' என்று பதிவான நல்ல என்றால் கறுப்பு. ஒன்று மாணிக்கத்துக்கும் வைரத்துக்கும் மெருகேற்ற. மற்றது இரும்பைத் துலக்க. நெல்வயலில் எலி தோண்டிப் போட்ட மண்ணில் அது கிடைக்கும் என்ற செய்தியும் அதில் உண்டு. ஆக, முதலில் கப்பலேறியது தெலுங்கின் 'குருவிந்தம்', பின்னால் நிலைத்தது தமிழின் 'குருந்தம்'. முழுப் பெருமையும் நமக்கே என்று மார்தட்ட வேண்டாம்; அண்டை வீட்டுக்கும் பங்கு உண்டு.

குருவிந்தம் வடமொழியிலும் பாலியிலும் உள்ள பழஞ்சொல். பாலி வினயபிடகத்தில் ஒரு சுவையான இடம்: குளிக்கும்போது பிக்குகள் சிலர் குருவிந்தக மணிச்சரத்தால் உடம்பு தேய்த்துக்கொண்டதைப் புத்தர் கண்டித்துத் தடுத்தார் என்கிறது. அது என்ன சரம்? குருவிந்தகக் கல்லைப் பொடித்து, அரக்கில் கட்டி உருட்டிய மணிகள் என்று உரை விளக்குகிறது. பொடியும் அரக்கும் என்ற இந்தச் சேர்மானத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிலப்பதிகாரத்தில் மதுரையின் மணிக்கடைத் தெருவில் மாணிக்க வகைகளைச் சொல்லும்போது 'விந்தம்' என்ற ஒன்று வருகிறது. உரைகாரர்கள் அதைக் குருவிந்தம் என்று கொள்வார்கள். சாணைத்தூளுக்கும் மாணிக்கத்துக்கும் ஒரே பெயரா என்று கேட்கலாம். சரிதான்: இரண்டும் ஒரே கனிமம். அலுமினாப் படிகத்தில் குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கம். இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தால் நீலம். அழகு வாய்க்காமல் மங்கலாகக் கிடந்தால் குருந்தம். கடினத்தில் மூன்றும் ஒன்றே, மோஸ் அளவில் 9. கருவி ஏதுமில்லாத காலத்தில் தேய்த்துப் பார்த்தே இந்த உறவை அறிந்து ஒரே பெயரிட்டவர்களின் கண்ணை என்ன சொல்லிப் புகழ்வது.

பொருள் இங்கே எப்படிப் பயன்பட்டது? குருந்தக்கல்லை இடித்துச் சலித்து, உருக்கிய அரக்கில் குழைத்து, வட்டமாக வார்த்தால் சாணை. அதன் அச்சில் தோல்வாரைச் சுற்றி ஒருவர் முன்னும் பின்னும் இழுக்க, இன்னொருவர் கத்தியையோ மணியையோ பிடித்துக்கொள்வார். 'சாணை பிடித்தல்' என்ற தொடரில் உள்ள பிடித்தல் இந்தப் பிடிதான். சாணை வடமொழியின் 'சாண' வழியாக வந்த சொல். அராவு, ராவு, தீட்டு, வடி என்று கூராக்கும் வினைகள் நம்மிடம் ஏற்கெனவே நிறைய இருந்தன. வடிவேலன் பெயரில் உள்ள 'வடி'யும் கூர்தான். வேலை வடித்துக் கொடுப்பது கொல்லன் கடன் என்று புறநானூற்றில் பொன்முடியார் சொல்வதும் அதே வடி.

கல் கிடைத்த இடங்களில் முக்கியமானது நாமக்கல் மாவட்டம், பரமத்தி வேலூர் வட்டத்துச் சித்தம்பூண்டி. அந்த ஊர்ப் பாறை இன்னொரு வகையிலும் பேர் வாங்கியது. அங்குள்ள அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது என்பதால், சந்திரயான்-2 தரையிறங்கிக் கலத்தைச் சோதிக்க இஸ்ரோ அதை அரைத்துத்தான் செயற்கை நிலவுமண் செய்தது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஆவுடையார்கோயிலில் மாணிக்கவாசகர் குருவைக் கண்ட குருந்தமரமும் இதுவும் ஒலியால் மட்டும் ஒன்று. அது காட்டு எலுமிச்சை இனத்து மரம். கல்லோடு சம்பந்தம் கிடையாது. பெயரில் மாணிக்கம் இருக்கிறதே என்று கதை கட்டக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

போன சொல் 1954-இல் திரும்பி வந்தது. முருகப்பா குழுமமும் அமெரிக்கக் கார்போரண்டம் நிறுவனமும் பிரிட்டிஷ் சாணைச்சக்கர நிறுவனம் ஒன்றும் சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் தொடங்கின; திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தெருவில் சைக்கிளை நிறுத்தி மிதித்துச் சாணை பிடிக்கிறவரின் சக்கரத்தில் இப்போது அரக்கு இல்லை, ஆலைச்சரக்குதான். ஹார்டுவேர் கடையில் நாம் கேட்பது 'எமரி ஷீட்'. எமரி கிரேக்கத்திலிருந்து வந்த பெயர். அந்தக் கல்லில் அறுக்கும் வேலையைச் செய்வது அதற்குள் இருக்கும் குருந்தமே. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம்.

கடைக்காரரைத் திருத்தச் சொல்லவில்லை. அவருக்கு எமரி என்றால்தான் எடுத்துக் கொடுக்க வரும். பாடநூலும் கலைச்சொல் பட்டியலும் எழுதுகிறவர்களிடம்தான் கேட்கிறேன்: 'கொரண்டம்' என்று ஆங்கிலத்தைப் பார்த்து ஒலிபெயர்ப்பதை விட்டுவிட்டு, 'குருந்தம்' என்றே எழுதுங்கள்.