ஸ்டாண்டர்டு ஹெரால்டும் டிரையம்ப் ஸ்பிட்ஃபயரும்: ஓர் ஒப்பீடு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரிக்கப்பட்ட குடும்பக் கார் ஆகும். இதன் மூல வடிவமான டிரையம்ப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதே காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கி 1962-இல் உருவாக்கப்பட்டது, இரண்டு இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் காரான டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி.

பொதுவான பிறப்பு

1950-களில் பல நிறுவனங்கள் அடிச்சட்டமும் உடலும் ஒன்றாக அமைந்த கார்களுக்கு மாறின. டிரையம்ப் கார்களுக்கு உடல் செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனம், போட்டியாளரான பிஎம்சியின் கைக்குப் போனது. அதனால் ஹெரால்டு தனி அடிச்சட்டத்தின் மீது, துண்டு துண்டான உடற்பகுதிகளைப் போல்ட்டு போட்டுப் பூட்டும் முறையில் அமைந்தது. பழைய பாணியான இந்த முறையே பிறகு உதவியது. பிற நாடுகளில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டுவதும், ஒரே சட்டத்திலிருந்து வேறு கார்களை உருவாக்குவதும் எளிதாயின.

வேறுபாடுகள்

தொடக்ககால ஹெரால்டில் 948 சிசி எஞ்சின் இருந்தது. முதல் ஸ்பிட்ஃபயரில் 63 குதிரைத்திறன் கொண்ட 1147 சிசி எஞ்சினும், முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் இருந்தன. ஸ்பிட்ஃபயரின் உற்பத்தி 1980 வரை நீடித்தது.

இரண்டிலும் பின்சக்கரங்கள் சுவிங் ஆக்சில் முறையில் இயங்கின. வளைவில் வேகமாகச் செல்லும்போது ஆக்சிலேட்டரைத் திடீரென விட்டால், பின்சக்கரம் உள்நோக்கி மடங்கிப் பிடிப்பை இழக்கக்கூடும். தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாய் போன்ற இறக்கமும் வளைவும் சேர்ந்த சாலைகளில் ஓட்டுநரின் நிதானத்தைச் சோதிக்கும் அமைப்பு இது. ஸ்பிட்ஃபயரில் 1970-இல் பின்பக்க ஸ்பிரிங் அமைப்பை மாற்றி இக்குறையைத் தணித்தனர். இந்தியாவில் வேறு வழி பின்பற்றப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் வந்த ஸ்டாண்டர்டு கெசல் காரில் சுவிங் ஆக்சிலையே நீக்கி, ஒரே துண்டான பின்அச்சைப் பொருத்தினர்.

சேகரிப்போர் கவனிக்க வேண்டியவை

ஹெரால்டைப் பழுதுபார்ப்பது ஒப்பீட்டளவில் எளிது. கதவுகளுக்குக் கீழுள்ள ஓரத்தகடு துருப்பிடித்தாலும் காரின் பாரத்தைச் சட்டமே தாங்கும். ஸ்பிட்ஃபயரின் சட்டத்தில் பக்கவாட்டுக் கம்பிகள் இல்லை. அங்கு ஓரத்தகடும் பாரம் தாங்கும் உறுப்பாகும். ஆகவே ஸ்பிட்ஃபயர் வாங்குவோர் பெயிண்ட்டின் பளபளப்பை விட்டு, முதலில் அந்தத் தகட்டையே பார்க்க வேண்டும்.

வரலாற்று மதிப்பு

உலகச் சந்தையில் ஸ்பிட்ஃபயரே புகழ் பெற்றது. ஆனால் ஸ்பிட்ஃபயர் மூன்று லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட கார். அதன் உதிரிபாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கின்றனர். நான்கு கதவு ஹெரால்டின் நிலை வேறு. இங்கிலாந்தில் ஹெரால்டு சலூன் இரண்டு கதவுகளுடன் மட்டுமே விற்கப்பட்டது. நான்கு கதவு வடிவம் இந்தியச் சந்தைக்காகவே உருவானது. இங்கிலாந்தில் ஹெரால்டு 1971-இல் நின்ற பிறகும், அதன் வழிவந்த கெசல் 1977 வரை வண்டலூரில் தயாரானது. அந்தக் கார்களின் பின்கதவையோ கூரையையோ வெளிநாட்டு ஹெரால்டிலிருந்து எடுத்துப் பொருத்த முடியாது. இங்கே ஒரு நான்கு கதவு ஹெரால்டு பழைய இரும்பாக உடைக்கப்பட்டால், அதற்கு ஈடாக வேறு நாட்டிலிருந்து ஒன்றைத் தேடிக் கொண்டுவர வழியில்லை.