சுழியக் கடப்பு நிலைமாற்றம்

சுழியக் கடப்பு நிலைமாற்றம் என்பது, ஒலிக் குறிகையின் மின்னழுத்தம் சுழியத்தைக் கடக்கும் கணத்தில் அக்குறிகையை இணைக்கும் அல்லது துண்டிக்கும் முறையாகும். அலையின் உச்சியில் துண்டித்தால் மின்னழுத்தம் படிபோலச் சட்டெனச் சரியும். அச்சரிவில் பல அதிர்வெண்கள் கலந்திருப்பதால் ஒலிபெருக்கியில் "டிக்" என்ற ஓசை எழுகிறது.

செயற்பாடு

பயனர் பொத்தானை அழுத்தியதும் நுண்கட்டுப்படுத்தி உடனே செயற்படாமல் காத்திருக்கும். ஒப்பீட்டுச் சுற்று சுழியக் கடப்பை உணர்ந்து குறுக்கீடு அனுப்பியதும் மின்னணு நிலைமாற்றியை இயக்கும். இங்கு விரைவே முதன்மையானது. 1 வோல்ட் உச்சமுடைய 1 கிலோஎர்ட்சு சைன் அலையில் 10 மைக்ரோநொடி தாமதித்தால் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.06 வோல்ட் ஆகிவிடும். 10 கிலோஎர்ட்சில் அதே தாமதத்துக்கு 0.59 வோல்ட். தொடுமுனை நகரவே சில மில்லிநொடிகள் எடுக்கும் ரிலே இதற்கு ஏற்றதன்று. சிடி4066 போன்ற குறைகடத்தி நிலைமாற்றிகள் பொருந்தும்.

சிக்கல்கள்

குறிகையுடன் சிறிதளவு நேர்திசை மின்னழுத்தம் கலந்திருந்தால், எவ்வளவு துல்லியமாக நிலைமாற்றினாலும் ஓசை எழும். நிரலில் பிழை தேடுமுன் இணைப்பு மின்தேக்கிகளைச் சோதிப்பது நன்று.

ஒலியே இல்லாதபோது கடப்பும் நிகழாது. ஆகவே காத்திருப்புக்கு எல்லை தேவை. பிஜிஏ2311 என்னும் ஒலியளவுக் கட்டுப்பாட்டுச் சில்லில் இது 16 மில்லிநொடி. ஆனால் 20 எர்ட்சு அலை 25 மில்லிநொடிக்கு ஒருமுறையே சுழியத்தைக் கடப்பதால், ஆழ்ந்த தாழ்சுரங்களில் எல்லை முந்திக்கொள்ளலாம். இருதட ஒலியில் இடம், வலம் இரண்டும் வெவ்வேறு கணங்களில் கடப்பதால் அவற்றைத் தனித்தனியே நிலைமாற்ற வேண்டும்.